அவள் என்ன படித்தாள்?

'கல்லூரி' என்றொரு படம், 2007-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் வெளிவந்தது. பாலாஜி சக்திவேல் இயக்கினார். கோடிகளைக் கொட்டிக் காட்சி அமைப்பவர் எனப் பெயர் பெற்ற இயக்குநர் ஷங்கர், தம் பொருளில் தயாரித்த எளிய படங்களுள் அதுவும் ஒன்று. பெயர் பெற்ற நடிகர் பட்டாளம் இல்லை. கடல் கடந்து போய் எடுத்த காட்சி இல்லை. சிவகங்கைச் சீமையிலே ஓர் அரசு கலைக் கல்லூரி, அங்கே படிக்க வந்த ஏழை எளிய வீட்டுப் பிள்ளைகள், அவர்களுடைய நட்பு — இவ்வளவுதான் அந்தப் படத்தின் முதல். நட்பைப் பற்றிய நல்ல படம் ஒன்று சொல்லுங்கள் என்று நம் மாணவத் தோழர்களைக் கேளுங்கள். தயங்காமல் இந்தப் பெயரைச் சொல்லுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

"ஊரார் நல்ல படம் என்று சொல்வதை நீர் ஏன் உரசிப் பார்க்கிறீர்?" என்பீர்கள். ஊரார் நல்லதென்று சொல்வதைத்தான் உரசிப் பார்க்க வேண்டும்! ஆபாசப் படத்தைத் திட்டுவதற்கு ஓர் இயக்கமும் ஒரு நாளேடும் தேவையா? திண்ணையிலே உட்கார்ந்திருக்கும் பெரியவரே அந்த வேலையைச் செய்து முடித்துவிடுவார். நெஞ்சை உருக்கி, கண்ணைக் கலங்கவைத்து, நாம் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்ளும் வேளை பார்த்து, பழைய கருத்தொன்றை மெல்ல உள்ளே இறக்கிவிடுகிறதே, அந்தப் படத்தைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

முதலில் அதன் சிறப்பைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் அது நேர்மையாகாது.

ஆணும் பெண்ணும் ஒரே மரத்தடியில் உட்கார்ந்து பேசுகிறார்கள். ஒருவர் சோற்றை ஒருவர் பகிர்ந்து உண்கிறார்கள். சண்டை போடுகிறார்கள், சமாதானம் ஆகிறார்கள். அவர்களுக்கிடையே இச்சையைத் தூண்டும் இளிப்பு இல்லை. இரட்டைப் பொருள் பேச்சு இல்லை. கயல்விழி என்றொரு பெண். துடுக்கும் துணிவும் உள்ளவள். மாவு பூசாத முகத்தோடு, நம் வீட்டுத் தங்கையைப் போல வருகிறாள், பேசுகிறாள், சிரிக்கிறாள். இது சிறிய காரியம் என்று எண்ணிவிடாதீர்கள். புதுக்கோட்டை மன்னர் கல்லூரியிலே முத்துலட்சுமி என்ற ஒரே ஒரு பெண் சேர வந்தபோது, 'ஐயோ, ஆண்பிள்ளைகளின் ஒழுக்கம் என்னாவது?' என்று பதறியவர்கள் வாழ்ந்த நாடு இது. அந்த ஒரே பெண்தான் 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் தேறி டாக்டர் முத்துலட்சுமியாக வெளிவந்தார். பதறியவர்களின் பெயரை இன்று யார் அறிவார்? ஆணும் பெண்ணும் சேர்ந்து படிப்பது இயல்பான காரியம் என்று காட்டும் படம், அந்த அளவுக்கு நம் பக்கத்துப் படம். அதனால்தான் அதனோடு வழக்காடும் உரிமையும் நமக்கு உண்டு. பகைவனோடு போர் தொடுக்கலாம். உறவினனோடுதானே வழக்காட முடியும்?

வழக்கு இதுதான். அந்தப் படத்தின் நாயகன் முத்து, கல்லுடைக்கும் தொழிலாளியின் மகன். ஓட்டப் பந்தயத்தில் வெல்ல வேண்டும், வென்று வாழ்வில் முன்னேற வேண்டும், குடும்பத்தின் துயர் தீர்க்க வேண்டும் என்பது அவன் வேட்கை. படம் பார்த்த எவரும் இதை மறக்க முடியாது. அவன் ஓடுகிறான்; அவனோடு நம் மனமும் ஓடுகிறது. நல்லது. உழைப்பாளி மகனுக்கு ஒரு கனவு இருப்பதைத் திரையிலே காட்டியதற்காக இயக்குநருக்கு வணக்கம்!

இப்போது சொல்லுங்கள். நாயகி ஷோபனா என்ன ஆக விரும்பினாள்? கயல்விழி என்ன ஆக விரும்பினாள்? கூட இருந்த தோழியர் எந்தப் பாடத்தில் முந்தினார்கள், எந்தப் பாடத்தில் தடுமாறினார்கள்? எந்த வேலைக்குப் போக எண்ணினார்கள்? படத்தை இரண்டு முறை, மூன்று முறை பார்த்த தோழர்களையே கேளுங்கள். ஷோபனா வசதியான வீட்டுப் பெண் என்பார்கள். அழகானவள் என்பார்கள். முத்துவை உள்ளூர நேசித்தாள், நட்புக்கு ஊறு வருமோ என அஞ்சிச் சொல்லாமல் அடக்கிக்கொண்டாள் என்பார்கள். கல்லூரிக்கு வந்த பெண்ணைப் பற்றி நமக்கு நினைவிருப்பது இவ்வளவுதான் என்றால், அவள் அங்கே வந்தது எதற்காக? காதலிக்கப்படுவதற்காகத்தானா?

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் படத்திலே எல்லாம் உண்மையாக இருக்க வேண்டும் என்று பாடுபட்டிருக்கிறார்கள். வெயில் உண்மை. புழுதி உண்மை. பிள்ளைகள் உடுத்திய சாயம் போன சட்டை உண்மை. தோழியராக வருவோரின் கறுத்த முகங்கள் உண்மை. ஆனால் நாயகன் நெஞ்சைப் பறிகொடுக்க வேண்டிய பெண் மட்டும் பளபளவென்று வெளியூரிலிருந்து வந்து இறங்க வேண்டியிருக்கிறது! அந்த வேடத்தில் நடித்த தமன்னாவைக் குறைகூற நான் எழுதவில்லை. கொடுத்த வேடத்தை அவர் நன்றாகவே செய்தார். நான் கேட்பது வேடம் கொடுத்தவரை. தோழமைக்குக் கறுப்பு, காதலுக்குச் சிவப்பு என்ற இந்தப் பங்கீட்டை எந்த மனு எழுதிவைத்தான்? ஒரே பெஞ்சில் ஆண்டுக்கணக்கில் கூட உட்கார்ந்திருந்த கயல்விழியை நேசிப்பதற்கு நம் கதாநாயகர்களின் கண்ணுக்கு என்ன தடை?

"சிறு செலவுப் படம் ஐயா! ஏதாவது ஒரு கவர்ச்சி இல்லாவிட்டால் கொட்டகையில் கூட்டம் சேராதே!" என்று பரிந்து பேசுவோர் இருக்கிறார்கள். எனக்கு அது தலைகீழ்க் கணக்காகத் தெரிகிறது. பெரும் பொருள் போட்டவன் அஞ்சலாம். ஊருக்கு ஊர் விநியோகஸ்தருக்குப் பதில் சொல்ல வேண்டும். நட்சத்திரத்தின் ரசிகர் மன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். சிறு செலவில் எடுப்பவனுக்கு அந்தக் கடன் இல்லை. நட்சத்திரம் இல்லாத படத்துக்கு நட்சத்திரத்தின் நிபந்தனையும் இல்லை. யாருக்கும் கட்டுப்படாமல் எண்ண முடிந்த இடத்திலும் ஒருவர் பழைய வழியிலேயே எண்ணினார் என்றால், கூட்டத்தின் மேல் எப்படிப் பழி போடுவது?

இவ்வளவோடு நின்றிருந்தால், ஞாயிற்றுக்கிழமை ஏட்டில் இதற்கு இத்தனை இடம் ஒதுக்க மாட்டேன். இப்படி எத்தனையோ படம் வருகிறது, போகிறது. 'கல்லூரி'யின் முடிவு இருக்கிறதே, அதுதான் என்னை எழுதவைத்தது. அந்த முடிவு கற்பனையில் பிறந்ததன்று. தருமபுரியிலே பிறந்தது.

2000-ஆம் ஆண்டு பிப்ரவரி 2. கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஓட்டல் வழக்கிலே ஜெயலலிதாவுக்குத் தனி நீதிமன்றம் தண்டனை வழங்கியது. ஆத்திரம் கொண்ட அ.தி.மு.க.வினர் சாலைகளை மறித்தார்கள். தருமபுரியை அடுத்த இலக்கியம்பட்டியிலே ஒரு பேருந்து நின்றது. கோவை வேளாண்மைப் பல்கலைக் கழக மாணவியர் கல்விச் சுற்றுலா வந்த பேருந்து. உள்ளே பெண்கள் இருப்பது தெரிந்தே தீ வைத்தார்கள். மூன்று மாணவியர் உயிரோடு எரிந்தார்கள். பதினாறு பேர் காயமுற்றார்கள்.

பின்னர் நடந்தவையும் நாடறிந்தவை. ஓட்டல் வழக்கிலே மேல்முறையீடு செய்த தலைவியை 2001 டிசம்பரில் உயர் நீதிமன்றம் விடுவித்தது. தண்டனை தீர்ந்தது. அந்தத் தண்டனையின் பேரால் எரிக்கப்பட்டவர்களுக்கு மேல்முறையீடு எந்த மன்றத்தில்? தீ வைத்த வழக்கு மெல்ல நகர்ந்தது. 2007 பிப்ரவரியில் சேலம் நீதிமன்றம் மூவருக்கு மரண தண்டனை விதித்தது. 2010-இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. 2016 மார்ச்சில் அதே மன்றம், மறுஆய்விலே, கூட்ட வெறியில் நிதானம் இழந்து செய்த குற்றம் எனக் கருதி ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. தூக்குக் கயிறு நீங்கியதில் எனக்கு வருத்தமில்லை. அரசு கொலை செய்யக் கூடாது என்பவர்களுள் நானும் ஒருவன். ஆனால் 2018 நவம்பரிலே, எம்.ஜி.ஆர். நூற்றாண்டு விழாவின் பேரால், அ.தி.மு.க. ஆட்சியிலே, அந்த மூவரும் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டார்களே, அதற்கு என்ன பெயர் வைப்பது? தலைவிக்காக எரித்தவர்களுக்குத் தலைவரின் பிறந்தநாள் பரிசு!

இந்தத் தீயைத்தான் 'கல்லூரி' தன் முடிவாக எடுத்துக்கொண்டது. சேலம் தீர்ப்பு வந்த அதே ஆண்டிலே, நாடு மறந்துவிடக் கூடாது என்று ஒரு கலைஞர் எண்ணினாரே, அந்தத் துணிவைப் பாராட்டுகிறேன். கட்சியின் பெயரையோ தலைவியின் பெயரையோ சொல்லவில்லை என்பதும் என் குறையன்று. தணிக்கையும் தடியும் சூழ்ந்த நாட்டிலே பெயர் சொல்லாமல் சொல்வதும் ஒரு வழி.

என் குறை வேறு. இலக்கியம்பட்டியில் எரிந்தவர்கள் யார்? வேளாண்மை பயின்ற பெண்கள். எண்ணிப் பாருங்கள், தோழர்களே! நாற்று நடுபவள் பெண். களை பறிப்பவள் பெண். கதிர் அறுப்பவளும் பெண். ஆனால் மண்ணைப் பற்றியும் விதையைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் அதிகாரத்தோடு பேசும் இடத்திலே அவளை எவன் உட்காரவிட்டான்? சைதாப்பேட்டையில் 1868-இல் தொடங்கிய வேளாண்மைப் பள்ளிதான் பின்னர்க் கோவைக்குச் சென்று, 1971-இல் பல்கலைக் கழகமாயிற்று. அதன் வாயிலுக்குள் உழவர் வீட்டு மகள் புத்தகத்தோடு நுழைகிறாள் என்றால், சேற்றில் கால்வைத்த தாயின் மகள் ஆய்வுக் கூடத்தில் கை வைக்கிறாள் என்று பொருள். எத்தனை தலைமுறைப் பயணம்! அந்தப் பயணத்தின் நடுவழியிலேதான் பேருந்து மறிக்கப்பட்டது.

படத்திலே அந்தப் பயணம் இல்லை. வேளாண்மை இல்லை, அதற்கு ஈடாக வேறொரு படிப்பும் அவள் நெஞ்சில் இல்லை. மாறாக என்ன இருக்கிறது? சொல்லாத காதல். அடக்கிவைத்த அன்பு இதோ வெளிப்படப் போகிறது, இனி அவனும் அவளும் ஒன்றாவார்கள் என்று நாம் ஏங்கும் வேளையிலே நெருப்பு வருகிறது. நாயகியும் தோழியரும் எரிகிறார்கள். பார்த்திருப்பவர் யாருக்காக அழுகிறார்? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள். ஒரு பெண்ணின் ஐம்பதாண்டு வாழ்வு பறிபோனதற்கா, ஓர் ஆண்மகனின் காதல் கைகூடாமற் போனதற்கா? இலக்கியம்பட்டியில் எரிந்தது படிப்பு. திரையில் எரிவது காதல். இறந்தவள் அவள், இழந்தவன் அவன் என்று கணக்கு எழுதப்படுகிறது!

இங்கேதான் என் மனம் ஒரு கசப்பான ஒப்புமையை நாடுகிறது. தீ வைத்தவன் கொலைகாரன். படம் எடுத்தவர் அந்தக் கொலையைக் கண்டு துடித்த கலைஞர். இருவருக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள தொலைவு. ஒருவரை மற்றவரோடு நான் சேர்க்கவில்லை. ஆயினும் பார்வை என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பாருங்கள். தீ வைத்தவன் பெண்ணை வெறுப்பவன் என்றா சொல்லிக்கொண்டான்? அவன் சட்டைப் பையில் ஒரு பெண்ணின் படம் இருந்திருக்கும். அவளை 'அம்மா' என்று அழைத்தவன் அவன். அவள் உருவத்தை வானுயர வெட்டி நிறுத்தி, மாலை சூட்டி, மண்ணிலே விழுந்து வணங்கியவன். தெய்வமாக ஒரு பெண்ணைத் தலைக்கு மேலே தூக்கி வைத்திருந்தவனுக்கு, எதிரே கண்ணாடிச் சன்னலுக்குப் பின்னால் நின்று கதறிய பெண்கள் மனிதராகத் தெரியவில்லை. தன் தலைவிக்கு நேர்ந்ததற்கு ஊர் கொடுக்க வேண்டிய விலையாகத் தெரிந்தார்கள்.

திரைக்கதையிலும் அவள் ஒரு விலையாகத்தானே வருகிறாள்? நாயகனின் துயரத்தைப் பெரிதாக்கக் கொடுத்த விலை. முதலில் அழகுப் பதுமை, பிறகு அணங்கு, இறுதியில் சாம்பல். இடையிலே ஆள் எங்கே? அவளுக்கென்று ஒரு பிடிவாதம், ஒரு தேர்வுக் கவலை, 'இன்னதுதான் ஆவேன்' என்று தந்தையோடு போட்ட ஒரு சண்டை எங்கே? பெண்ணை இறைவியாக உயர்த்துவதும் இரங்கத்தக்கவளாகத் தாழ்த்துவதும் இரண்டு வேறு குற்றங்களல்ல. இரண்டிலும் அவளைக் கேட்காமல்தான் அவளைப் பற்றி முடிவு செய்கிறார்கள்.

படித்த பெண்ணைக் கண்டு தமிழ்த் திரைக்கு இருக்கும் அச்சம் நேற்று வந்ததன்று. 1972-இல் 'பட்டிக்காடா பட்டணமா' வந்தது. ஊர் ஊராக ஓடியது. வெளிநாட்டில் படித்த மனைவியை நாட்டுப்புறத்துக் கணவன் அடக்கி வழிக்குக் கொண்டுவந்தபோது, கைதட்டாத கொட்டகை உண்டா? அந்த மனைவியாக நடித்தவர் யார் தெரியுமா? இதே ஜெயலலிதாதான்! திரையிலே அடங்கியபோது தட்டிய கைகளுள் எத்தனை, பின்னாளில் தரையிலே ஆண்டபோது கூப்பின! இடையில் உள்ள நிலை ஒன்று, சமமாக எதிரே உட்கார்ந்து பேசும் நிலை, அந்தக் கைகளுக்குப் பழக்கமே இல்லை.

அப்படியானால் இயக்குநர் வேறென்ன செய்திருக்க வேண்டும், மேடைப் பேச்சா வைத்திருக்க வேண்டும் என்கிறீர்களா? வேண்டவே வேண்டாம்! பெரிய செலவும் வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அதில் அவள் கையால் எழுதிய நான்கு வரி போதும். வகுப்பிலே எழுந்து அவள் கேட்கும் ஒரு கேள்வி, அதற்கு ஆசிரியர் திணறும் ஒரு நிமிடம். தேர்வுக் கட்டணம் கட்ட முடியாத தோழிக்கு மற்ற பெண்கள் கூடி வழி காண்பது. பேருந்திலே ஏறும்போது, 'திரும்பி வந்ததும் இன்ன வேலைக்கு மனுப் போடப் போகிறேன்' என்று ஒருத்தி மற்றவளிடம் சொல்வது. பிறகு தீ வரட்டும். அப்போது கொட்டகையில் எழும் அழுகை வேறு அழுகை. வீட்டுக்குப் போனபின்னும் தூங்கவிடாத அழுகை. 'யார் வைத்தான் தீ? ஏன் வைத்தான்? எந்தக் கொடியின் கீழ் வைத்தான்?' என்று கேட்கத் தூண்டும் அழுகை. காதல் அழிந்ததற்காகச் சிந்தும் கண்ணீரோ 'விதி' என்று பெருமூச்சு விட்டதும் காய்ந்துபோகிறது. எரித்தவனுக்கு அந்தக் கண்ணீரைப் போல வசதியானது வேறில்லை.

அந்த இயக்குநருக்கு ஆற்றல் இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. ஐந்தாண்டு கழித்து, 2012-இல், 'வழக்கு எண் 18/9' எடுத்தவரும் அவர்தான். அதுவும் சிறு செலவுப் படமே. வீட்டு வேலை செய்யும் ஏழைப் பெண் முகத்தில் திராவகம் வீசப்படுகிறது. அந்தப் பெண் படத்தின் முடிவிலே என்ன செய்கிறாள்? தனக்கு அநீதி இழைத்தவர்களுக்குத் துணைபோன காவல் அதிகாரியின் முகத்தில் திராவகத்தைத் திருப்பி வீசுகிறாள். அவள் செய்கை முறையா என்பது வேறு வழக்கு. சட்டத்தை நம்புகிற நாம் அதை வழியாகக் கொள்ள மாட்டோம். ஆனால் அவள் ஏதோ ஒன்று செய்கிறாள்! வெந்த முகத்தோடு எழுந்து நிற்கிறாள். அவளுக்காக அழும் ஆணின் கண்ணீரோடு படம் முடிந்துவிடவில்லை. 2007-இல் இயலாதிருந்தது 2012-இல் எப்படி இயன்றது? பார்வை நகர்ந்தது, அவ்வளவுதான். நகரக்கூடியது என்பதனால்தான் சொல்லவும் துணிகிறோம்.

இனி, படத்தை விட்டுவிட்டு உங்களிடம் வருகிறேன். வராமல் விட்டால் நான் திரைப்பட விமரிசகன் ஆகிவிடுவேன்; அதற்கு வேறு ஏடுகள் இருக்கின்றன.

1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கும் சொத்தில் சமஉரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1989-இல் அது தமிழ்நாட்டில் சட்டமாயிற்று. 2021-இல் சாதாரண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்யும் ஆணை வந்தது. 2022 செப்டம்பரில், அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவிக்குத் திங்கள்தோறும் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் வந்தது. இவற்றை எல்லாம் மேடைதோறும் முழங்குகிறோம். முழங்கட்டும். ஆனால் முழங்கிவிட்டுக் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்து, விளக்கு அணைந்ததும், நம் தோழர் யாராக மாறுகிறார்? பெண்ணைப் பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பவனைக் காதலன் என்று கொண்டாடுகிறார். திருப்பிப் பேசும் பெண்ணை அவன் அறைந்தால் சீழ்க்கை அடிக்கிறார். அவள் எரிந்தால் அவனுக்காக அழுகிறார். சட்டமன்றத்தில் முன்னே போய்விட்டோம். இருட்டில் பின்னே நிற்கிறோம்!

மேடையிலும் அப்படித்தான். எதிர்க்கட்சிப் பெண் தலைவரைத் தாக்க வேண்டுமா? அவர் போட்ட சட்டத்தைப் பிளந்து காட்டுங்கள், வரவு செலவைப் புட்டு வைங்கள், வழக்கைப் பேசுங்கள். அவர் உடுத்திய சேலையைப் பேசிக் கைதட்டல் வாங்குகிற நாவன்மை நமக்கு எதற்கு? முன்வரிசையில் நம் தாய்மார்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், தலையைக் குனிந்துகொள்கிறார்கள். பேசுபவர் அதை நாணம் என்று நினைக்கிறார். அவமானம் என்று அவர்களைக் கேட்டால்தானே தெரியும்?

பிப்ரவரி 2 ஆண்டுதோறும் வருகிறது. அந்த மூன்று மாணவியரை நினைவுகூரும்போது மலர்களென்றும் மொட்டுகளென்றும் பேசுகிறோம். மலர் என்ன படித்தது என்று யாரும் கேட்பதில்லை. இனிமேல் பேசுபவர்கள், அவர்கள் வேளாண்மை படித்தார்கள் என்பதிலிருந்து தொடங்கட்டும். இன்று உயிரோடிருந்தால் ஏதோ ஒரு வட்டாரத்தில் வேளாண் அலுவலராக வரப்பில் நின்று, நெற்பயிரின் நோய்க்கு மருந்து சொல்லிக்கொண்டிருப்பார்கள் என்பதைச் சொல்லட்டும். அந்தக் கூட்டத்துக்கு அழைக்கும் கல்லூரி மாணவிக்குப் பொன்னாடைத் தட்டைத் தூக்கிவரும் வேலையைக் கொடுக்காதீர்கள். இறுதியில், கூட்டம் எழுந்து போகும்போது, நன்றி சொல்லும் வேலையையும் கொடுக்காதீர்கள். முதல் தீர்மானத்தை முன்மொழிய அவளைக் கூப்பிடுங்கள். நேரம் வரையறுக்காமல் பேசவிடுங்கள்.